பெட்ரோல் மூடியில் சந்தனம்

புதுப்பட்டினம்
2-11-1974

அன்பு மகள் ரத்னாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் பிழைத்துக் கிடக்கிறோம், அங்கே பம்பாயில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கக் கன்னியம்மன் துணை. இதைப் படித்துவிட்டு ஒளித்து வைக்காதே, மாப்பிள்ளை டாக்ஸியை விட்டு வந்ததும் உட்காரவைத்து வாய்விட்டுப் படித்துக் காட்டு. கொக்கிலமேட்டிலிருந்து உன் மாமியாரும் எழுதுவார், அதற்கு முன்னால் நடந்ததை நானே சொல்லிவிட வேண்டும். நம் வேனை ஓட்டும் உன் கொழுந்தன் துரையின் வலது கையை என் தம்பி, உன் மாமன் காத்தவராயன் அடித்து உடைத்துவிட்டான். உயிருக்குப் பயமில்லை, செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள்.

எல்லாம் நம் மீன் வேனால் வந்தது. ஆயுத பூஜை கழிந்ததிலிருந்து வண்டி சண்டித்தனம் செய்தது, இங்கே நன்றாகக் கிளம்பும், திருக்கழுக்குன்றம் போவதற்குள் இருமி இருமி நின்றுவிடும். துரை இறங்கி பிளக்கைத் துடைத்து, பாயிண்டைத் தேய்த்து, கார்புரேட்டரைக் கழற்றி ஊதி மாட்டுவான், கிளம்பும், கொஞ்ச தூரம் போய் மறுபடி நிற்கும். ஐஸ் கரைந்து வஞ்சிரம் செவுள் வெளுத்துப் போய்ச் சேர்ந்தால் செங்கல்பட்டில் எவன் தொடுவான். பெட்ரோல் விலை ஏறினதிலிருந்து டிரைவர்கள் சீமெண்ணெய் கலக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு, அது உன் மாமன் தலைக்கு ஏறிவிட்டது. வியாழக்கிழமை சரக்கு நாறித் திரும்பி வந்ததும் துரையைச் சட்டையோடு பிடித்து இழுத்து, இன்னாடா, என் வூட்டுச் சோத்தத் துன்னுகினு எனக்கே சீமெண்ணெ ஊத்தறியா என்று அறைந்தான். மோந்து பாரு அண்ணாத்த, வாசன வந்தா என் கைய வெட்டிக்கோ என்றான் துரை. இந்த முரடன் மோந்து பார்க்கவில்லை. வண்டியை முடுக்கும் இரும்புக் கைப்பிடியை எடுத்து ஒரே போடு, எலும்பு முறிந்த சத்தம் உள்ளே இருந்த எனக்குக் கேட்டது. விழுந்தவன் வாயிலும் உதைத்தான், ஐஸ் தண்ணீர் சிவப்பாக ஓடியது. நான் எடைக்கல்லைத் தூக்கி அவன் முதுகில் எறிந்த பிறகுதான் நின்றான்.

அப்பா துரையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதும் நான் டாங்க் மூடியைத் திறந்தேன். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. துணியை நனைத்து மோந்தால் சுத்தமான பெட்ரோல். எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் விக்கி விக்கி நின்றுவிடும், காற்றுப் போக இன்னொரு ஓட்டை வேண்டும், இத்தனை வருஷம் டின்னோடு மாரடித்த எனக்கு இது தெரியாதா. உன் மாமனையே ஓட்டச் சொல்லி பக்கத்தில் உட்கார்ந்தேன். வழக்கம்போல வழியில் நின்றது. இறங்கி மூடியைக் கழற்றினேன், கிளம்பியது. மூடிக்குப் பதில் துணியைச் சுற்றிவிட்டேன், திருக்கழுக்குன்றம் போய்த் திரும்பும்வரை ஒரு இருமல் இல்லை. தாலிக்கயிற்றில் இருந்த ஊக்கை எடுத்து மூடியின் ஊசித்துளையைக் குத்தினால் காய்ந்த சந்தனமும் குங்குமமும் பொல பொலவென்று உதிர்ந்தது. வண்டிக்கு வயிறு இதான்க்கா என்று பூஜையன்று அந்த மூடியில் அப்பி அப்பி வைத்தவன் உன் மாமன்தான். முகம் செத்துப்போய், கழுவிப் போட்டுடுக்கா, வெளிய சொல்லாத என்றான். நான் மூடியை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

விடிந்ததும் துரையின் அப்பா சிங்காரம் சம்பந்தி கொக்கிலமேட்டு ஆட்களோடு துடுப்பும் கத்தியுமாக வந்துவிட்டார். வேன் கண்ணாடியெல்லாம் தூள். சீமெண்ணெய் கலந்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பியிருப்பார்கள், துரை பெயர் சாகும்வரை நாறியிருக்கும். நான் மூடியை எல்லோர் முன்னாலும் நீட்டி, உங்க புள்ள மேல தப்பில்ல சம்பந்தி, தப்பு எங்க வூட்டுது என்றேன். அவர் அதை உன் மாமன் மூஞ்சியிலேயே வீசினார். பிறகு துடுப்பால் சாத்தினார்கள், நான் குறுக்கே போகவில்லை, வாங்க வேண்டியதை வாங்கட்டும் என்று நின்றேன். மீன் வெட்டும் கட்டையில் அவன் வலது கையை அழுத்திப் பிடித்து சிங்காரம் கத்தியை ஓங்கியபோதுதான் அதன்மேல் என் கையை வைத்தேன். வெட்றதுன்னா ரெண்டையும் சேத்து வெட்டு என்றேன். உன் மூஞ்சிக்காவ இல்ல, பம்பாய்ல கீற புள்ளைங்களுக்காவ வுட்றேன் என்று கத்தியைப் போட்டார்.

இப்போது வேனைத் துரை பெயருக்கு மாற்றச் சொல்லிவிட்டேன், அவன் கை கூடும்வரை உன் மாமன் அவனுக்கு டிரைவர். ஆஸ்பத்திரியில் துரை என்னைப் பார்த்ததும், வண்டி ஓடுதா அத்த என்றுதான் கேட்டான். மாப்பிள்ளைக்குக் கோபம் வரும், வராவிட்டால்தான் தப்பு. ரயிலேறி வந்து என்னைக் கேட்கட்டும், உன் மாமனையும் கேட்கட்டும், உன்மேல் மட்டும் கை வைக்கக் கூடாது, இதையும் சத்தமாகப் படி. அவர் டாக்ஸிக்கும் பொட்டு வைத்திருப்பீர்கள், மூடித் துளையை ஊக்கால் குத்திப் பார். குழந்தைக்குச் சளி என்று எழுதியிருந்தாய், ராத்திரி தலைக்குத் தண்ணீர் ஊற்றாதே. தீபாவளிக்கு எல்லோரும் ஒரே இலையில் உண்ட மாதிரி மனம் கூடி இருக்க அம்மன் அருள் செய்வாள்.

எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பயப்படாதே. சம்பந்தி கத்தியை நிறுத்தினார், கொஞ்சம் தாமதமாக நிறுத்தினார். இரண்டு விரலில் கட்டு. அதையும் மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டு.

இப்படிக்கு,
உன் அம்மா
ஆதியம்மாள்