‘உட்காருங்கள்’ என்று சொல்லாதவர்கள்

காரைக்குடி
புதன்கிழமை, மாலை

அன்புள்ள சத்யா,

இங்கு நாங்கள் நலம். நீயும் சாப்பிட்டு, தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன்.

“அப்பா எந்திரிச்சப்ப நீ ஏம்மா பிடிச்சு உக்கார வைக்கல?” என்று நேற்றுப் போனில் கேட்டாய். ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். பிறகு நெடுநேரம் யோசித்தேன். விமானத்தில் அவர் ஜன்னலோரம் இருந்தார், நான் நடைபாதையோரம். என் முழங்காலைத் தாண்டித்தான் போனார். சட்டையைப் பிடித்து இழுக்க ஒரு கை போதும். அந்தக் கை எழவில்லை.

இந்தக் கடிதம் உன்னிடம் வந்து சேரும்போது நாளைய விசாரணை முடிந்திருக்கும். வேலை இருக்கிறதா, போய்விட்டதா என்று உனக்குத் தெரிந்திருக்கும். அதனால் இதில் யோசனை எதுவும் எழுதப்போவதில்லை. போனில் எனக்கு நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வராது. எழுதினால் கொஞ்சம் வரும்.

இங்கே மழை ஆரம்பித்திருக்கிறது. எங்கள் கல்லூரியில் செய்முறைத் தேர்வு. மாணவிகள் நுண்ணோக்கியில் பார்க்காமலேயே புத்தகத்தில் இருக்கும் படத்தை வரைந்துவைக்கிறார்கள். உன் தம்பி கார்த்திகேயன் டெல்லியில் பட்டமளிப்பு உடையில் எங்களோடு எடுத்த படத்தைச் சட்டம் போட்டு அனுப்பியிருக்கிறான். அதில் அப்பா சிரிக்கவே இல்லை. அன்று விமானம் சென்னையில் கிளம்பியதிலிருந்து டெல்லி போய்ச் சேரும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது உனக்குத் தெரியாது. நீ உன் வேலையில் இருந்தாய். என் இடத்திலிருந்து நான் பார்த்ததை எழுதுகிறேன்.

நாங்கள் போகிற விமானத்திலேயே உனக்கும் வேலை விழுந்ததில் அப்பாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். மதுரையில் ஏறியதிலிருந்து கழுத்தைத் திருப்பித் திருப்பி உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சென்னையில் பாதிப் பேர் இறங்கினார்கள். டெல்லி போகிறவர்கள் அப்படியே இருந்தோம். எரிபொருள் நிரப்புகிறார்கள், பெல்ட்டைக் கழற்றிவிட்டு இடத்திலேயே இருங்கள் என்று அறிவித்தீர்கள். அப்பா பெல்ட்டைக் கழற்றினார். அதுவரை விதிப்படிதான் நடந்துகொண்டார்.

அப்போது நீ கையுறையோடு, பெரிய பிளாஸ்டிக் பையைப் பிடித்துக்கொண்டு பின்னாலிருந்து வந்தாய். முன்பெல்லாம் ஒவ்வொரு ஊரிலும் துப்புரவு ஆட்கள் ஏறிச் சுத்தம் செய்வார்கள் என்பதும், அவர்களை நிறுத்திவிட்டு அதையும் உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். சூடான சாப்பாடு கொடுப்பதை நிறுத்தி, பொட்டலம் விற்கச் சொன்னதும் தெரியும். “அப்பாட்ட சொல்லிறாதம்மா” என்று நீ கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை. அவர் முதல்முதலாகப் பார்த்தார். ஒரு வரிசையில் நீ குனிந்து கடலைத்தோலை வாரினாய். அடுத்த வரிசையில் யாரோ சுருட்டி வைத்துவிட்டுப் போன குழந்தையின் டயப்பரை எடுத்தாய். முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு அப்பா எழுந்தார்.

அப்பாவின் மானகிரி வீட்டுக் கல்யாணங்களில் நீயே பார்த்திருக்கிறாய். கடைசிப் பந்தி முடிந்ததும் அந்த வீட்டு ஆண்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இலை எடுப்பார்கள். கூலிக்கு ஆள் வந்திருந்தாலும் அந்தப் பந்தியை விடமாட்டார்கள். வீட்டுப் பெண் குனியப்போனால், யாராவது ஒருவர் கூடையைப் பிடுங்கிக்கொள்வார். நான் கல்யாணமாகி வந்த புதிதில், ஊருக்குக் காட்ட ஒரு நாள் செய்கிறார்கள், மறுநாள் காலை காப்பித் தம்ளரைக்கூட எடுத்து வைப்பதில்லையே என்று நினைத்தேன். இப்போதும் அந்த எண்ணம் பெரிதாக மாறிவிடவில்லை. ஆனால் அன்று விமானத்தில் எழுந்தவர் ஊருக்குக் காட்ட எழவில்லை. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

“தாயி, அந்தப் பைய இங்குட்டுக் குடு” என்றார். நீ கொடுக்கவில்லை. அவர் பாட்டுக்கு முன்னால் நடந்துவிட்டார். “முடிஞ்சிருச்சுங்களா? குடுங்க. கீழ போட்றாதீக. அந்த டம்ளரையும் குடுங்க தம்பி.” தமிழ் தெரியாத ஒரு பையன் “தேங்க்யூ அங்கிள்” என்று சொல்லி மீதியிருந்த காப்பியோடு கொடுத்தான். சட்டையில் பாதி சிந்தியது. யாரோ படம் எடுத்தார்கள். அன்று உங்களுக்குத் தலைமையாக இருந்த தேவிகா முன்பக்கமிருந்து வந்து, “அங்கிள், எனக்கு ஒரு உதவி பண்றீங்களா? உங்க சீட்டுல உக்காருங்க” என்று கையைப் பிடித்து அழைத்து வந்தாள். உட்கார்ந்ததும் என்னிடம், “கையுறை போட்டுத்தான் எடுக்கணுமாம்ல. படிச்சவ, நீயாச்சும் சொல்லக் கூடாதா?” என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பயணியை உட்காரச் சொல்லவில்லை என்பதுதான் உன்மேல் உள்ள குற்றச்சாட்டு. அந்த விதி சரியானது. எரிபொருள் நிரப்பும்போது தீப்பிடித்தால் ஓடவேண்டிய வழியில் என் கணவர் தம்ளர் பொறுக்கிக்கொண்டு நிற்கக் கூடாது. எனக்குச் சந்தேகமெல்லாம் உங்கள் நிறுவனத்தின் சுற்றறிக்கைமேல்தான். “இது நம் வீடு, நம் வீட்டை நாமே சுத்தமாக வைத்துக்கொள்வோம்” என்று எழுதியிருந்ததை நீ அனுப்பினாயே, அந்த அறிக்கை. ஆட்களைக் குறைத்தோம், நேரத்தை மிச்சம் பிடித்தோம் என்று எழுதியிருந்தால் மரியாதையாக இருந்திருக்கும். வீட்டில் யாரும் சுற்றறிக்கை அனுப்புவதில்லை. குப்பை எடுப்பது கேவலம் என்று நான் நினைக்கவில்லை, புண்ணியம் என்றும் நினைக்கவில்லை. அது வேலை. அதற்கு ஆளும் நேரமும் கூலியும் ஒதுக்க வேண்டும். நீ நிறுவனக் கூட்டத்தில் எழுந்து அதைக் கேட்டாய் என்று தேவிகா சொன்னாள். நீ என்னிடம் சொல்லவில்லை.

நாளைக்கு உன்னிடம் கேட்கப்போவது ஒரே கேள்விதான். “சார், உட்காருங்க” என்று ஏன் சொல்லவில்லை? மற்றவர்களிடம் அன்று பல தடவை சொன்னாய், நானே கேட்டேன். அவரிடம் சொல்லவில்லை. பையின் வாயை அகல விரித்துப் பிடித்துக்கொண்டு அவருக்குப் பின்னாலேயே நடந்தாய். அவர் போட்டார், நீ வாங்கிக்கொண்டாய். அத்தனை பேர் முன்னால் அந்த மனிதரை நீ யாரோ ஒரு பயணியாக ஆக்கவில்லை. அதற்கு உனக்கு நன்றி. நன்றி என்று உனக்கு நான் எழுதுவது இதுதான் முதல் தடவையாக இருக்கும். நம் வீட்டில் அதைச் சொல்லிப் பழக்கமில்லை. சொல்லாததால் இல்லை என்று நீ எண்ணியிருக்கக் கூடாது. தேவிகாவுக்கும் சொல். அந்த விமானத்துக்குத் தான்தான் பொறுப்பு என்று அவளாகவே எழுதிக் கொடுத்தாளாமே. யாரும் கேட்காமல் அப்படி எழுதிக் கொடுக்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

விமானத்தில் யாரோ எடுத்த அந்தப் படம் கோட்டையூர்வரை வந்துவிட்டது. உன் சந்திரலேகா அத்தை அப்பாவுக்குப் போன் செய்து, “என்னண்ணே, ஆகாசத்துலயும் போயி எலை எடுத்துட்டு வந்தீகளாமே!” என்று சிரித்தாள். இவரும் சிரித்தார். அடுத்து, “நம்ம புள்ள அங்க கூட்டிப் பெருக்கவா போச்சு? நாளைக்கு ஒரு நல்ல எடம் கேட்டு வந்தா என்னன்னு சொல்றது?” என்றாள். “அடுப்புல சோறு வேகுது, வையி” என்று போனை வைத்துவிட்டார். அடுப்பில் ஒன்றும் இல்லை. இருந்திருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது. அதிலிருந்து உன் வேலையைப் பற்றி யார் கேட்டாலும் பேச்சை மாற்றுகிறார்.

விசாரணை விஷயத்தை இன்று காலைதான் அவரிடம் சொன்னேன். இனியும் மறைப்பது முறையில்லை என்று தோன்றியது. “புள்ளையவா நிறுத்திக் கேக்குறாக? எந்திரிச்சது நானுல்ல?” என்றார். வெள்ளைச் சட்டையைத் தேய்க்கச் சொன்னார். சென்னைக்குப் பல்லவன் ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டார். அப்பாக்களையெல்லாம் உள்ளே விடமாட்டார்கள் என்றேன். “ஏன், அவுகளுக்கெல்லாம் அப்பா கெடையாதா?” என்றார். தேய்த்துவைத்தேன். சட்டை நாற்காலியில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

நீ அங்கே என்ன சொல்லியிருந்தாலும் எனக்குச் சம்மதம். அவரைக் காப்பாற்றப் பேசியிருந்தாலும் சரி, உன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசியிருந்தாலும் சரி. அவருக்கு நான் இருக்கிறேன். வேலை போயிருந்தால் உடனே புறப்பட்டு வா. இருந்தால் லீவு கிடைக்கும்போது வா. எப்படி வந்தாலும் வாசலில் யாரும் எதுவும் கேட்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன். கையுறை இல்லாமல் எதையும் தொடாதே. நன்றாக இரு, தாயி.

உன்
அம்மா

வியாழக்கிழமை

தபாலில் போடுவதற்கு முன் இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் நீ கூப்பிட்டுச் சொன்னாய். வேலை இருக்கிறது. எச்சரிக்கைக் கடிதம், ஒரு மாதம் பறக்காமல் மறுபயிற்சி. தேவிகாவுக்கும் ஒரு எச்சரிக்கை. சுத்தம் செய்யும் வேலையில் மாற்றம் இல்லை. “எந்திரிச்சது யாருன்னு கேட்டாங்கம்மா, எங்கப்பான்னு சொன்னேன்” என்றாய்.

அப்பா ரயிலுக்குப் போகாமல் கடைக்குத்தான் போயிருந்தார், போனை எடுக்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அவருடைய உரக்கடைக்கே போய்ச் சொன்னேன். “வேல இருக்குல்ல?” என்று கேட்டார். இருக்கிறது என்றேன். “அப்பச் சரி” என்றார். கடையில் உட்கார்ந்திருந்த கோவிலூர்க்காரர் ஒருவர் மகளுக்கு என்ன வேலை என்று கேட்டார். அப்பா இந்தத் தடவை பேச்சை மாற்றவில்லை. “பிளேன்ல. காப்பி குடுக்கும், குப்பைய எடுக்கும், கூட்டும். தீ கீ பிடிச்சா அம்புட்டுப் பேரையும் வெளிய தள்ளிவிட்டுட்டுத்தான் அது எறங்கும்” என்றார்.

கோவிலூர்க்காரர் தலையை ஆட்டிவிட்டு, யூரியா வந்திருக்கிறதா என்று கேட்டார். வந்திருந்தது. அப்பா மூட்டை எடுக்க உள்ளே போனார்.