ஃபுல் என்று ஒரு பாலிசி கிடையாது

சமயநல்லூர்,
17ஆம் தேதி, புதன்.

அன்பு மகன் ஜெரால்டுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் இரக்கத்தில் அப்பாவும் நானும் நலம். மஸ்கட்டில் நீயும் ஹெப்சிபாவும் பிள்ளையும் சுகமாக இருக்க ஞாயிறு பூசையில் மன்றாடினேன். அப்பாவுக்கு டயாலிசிஸ் வழக்கம்போல செவ்வாயும் சனியும் நடக்கிறது, கால் வீக்கம் குறைந்திருக்கிறது, உப்பில்லாத சாம்பாரைப் பார்த்து முகம் சுளிக்கும் அளவுக்குத் தெம்பாக இருக்கிறார்.

போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். காரை விற்றுவிடுங்கள், அதுவரை மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் போதும் என்று லிங்க் அனுப்பியிருந்தாய். நான் அதில் பணம் கட்டவில்லை. ஏன் என்று சொல்கிறேன். போன மாதம் ரயில்வே சுரங்கப் பாதையில் தண்ணீருக்குள் வண்டி நின்றபோது அப்பா பக்கத்தில் இருந்தார், ஆஸ்பத்திரிக்கு நேரமாகிறது என்ற பதற்றத்தில் இரண்டு முறை ஸ்டார்ட் செய்தேன், இஞ்சின் போயிற்று, இதுவரை உனக்குத் தெரியும். தெரியாததும் உண்டு. காப்பீட்டுக் கம்பெனி சர்வேயர் சேதத்தைப் பார்க்க வருவதற்கு முன் மெக்கானிக் அழகுபாண்டி என்னைத் தனியே கூப்பிட்டு, "தண்ணிக்குள்ள ஸ்டார்ட் பண்ணுனா நம்ம தப்புன்னு காசு தரமாட்டாங்க. ஸ்டார்ட்டே பண்ணலைன்னு சொல்லிருங்கக்கா, அம்புட்டுத்தான். தண்ணிக்குள்ள யாரு வந்து பாத்தா?" என்றான். சர்வேயர் கேட்டதும் என் வாயில் இரண்டு தடவை என்றுதான் வந்தது. அவர் எழுதிக்கொண்டார். அழகுபாண்டி தலையில் கை வைத்துக்கொண்டான். நான் சர்வேயரிடம் தைரியமாக, "ஃபுல் இன்சூரன்ஸ்தானே தம்பி, எம் மகன் போட்டது" என்றேன். அவர் பாலிசியைப் புரட்டிவிட்டு, "ஃபுல்லுன்னு ஒரு பாலிசியே கிடையாதும்மா. இஞ்சினுக்குத் தனியா கட்டணும், இதுல அதை எடுத்துவிட்டுருக்காங்க" என்றார். நீ தொள்ளாயிரம் ரூபாய் மிச்சம் பிடித்திருந்தாய். உன்னைக் குறை சொல்லவில்லையப்பா, ஆறு வருடமாக ஃபுல் ஃபுல் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு ஒரு பக்கம்கூடப் படிக்காதவள் நான். இஞ்சின் செலவை என் பென்ஷனில் கட்டிவிட்டேன், நீ எதுவும் அனுப்ப வேண்டாம்.

நேற்று அப்பாவை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டு, சிம்மக்கல்லில் ஏஜென்ட் சரண்யாதேவியிடம் போனேன். அந்தப் பெண்ணை ஒன்றரை மணி நேரம் விடவில்லை. "டீச்சருக்கு இன்னைக்கு நான்தேன் பரீட்சை எழுதணும் போல" என்று சிரித்தாள். மூன்றாம் நபர் கட்டணம் அரசாங்கம் வைத்தது, எந்தக் கம்பெனியிலும் ஒன்றுதான், ஆனால் அதில் நம் வண்டிக்கு ஒரு பைசா வராது. நம் வண்டிக்கான பகுதியில்தான் கம்பெனிக்குக் கம்பெனி விலை மாறும். போன வருடம் கட்டணம் குறைய நீ வண்டியின் மதிப்பை எண்பதாயிரம் இறக்கிப் போட்டிருக்கிறாய், திருட்டுப் போனால் அந்தக் குறைந்த தொகைதான் கிடைக்கும், அதைச் சரியாக்கினேன். தேய்மானம் கழிக்காமல் பாகங்களுக்கு முழு விலை தரும் திட்டம் நம் ஆறு வருட வண்டிக்கு விலை அதிகம், வேண்டாம் என்றேன். இஞ்சினுக்குத் தனியாகக் கட்டினேன், ஆனாலும் தண்ணீருக்குள் மறுபடி ஸ்டார்ட் செய்தால் அதுவும் கைவிடலாம் என்று பொடி எழுத்தில் இருப்பதை அவளையே சத்தமாக வாசிக்கச் சொன்னேன்.

இன்னொன்று. சீட்டு, வயரிங் வகையில் கம்பெனி ஐயாயிரத்து நானூறு தர இருந்தது. வாங்கினால், இழப்பீடே கேட்காமல் இருந்ததற்காக ஐந்து வருடமாகச் சேர்ந்த ஐம்பது சதவீதத் தள்ளுபடி போய்விடும், மறுபடி ஏறி அந்த இடத்துக்கு வர ஐந்து வருடம், அதற்குள் ஏழாயிரத்து ஐந்நூறு கூடுதலாகக் கட்டியிருப்போம். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மொத்தத்தில் உன் லிங்க்கைவிட நாலாயிரத்து அறுநூறு அதிகம், மனதாரக் கட்டினேன். நாளையோடு பழையது முடிகிறது, புதியது கையில் இருக்கிறது.

கால் டாக்சி போதும் என்கிறாய். தீபாவளி வாரத்தில் விடியற்காலை மூன்று வண்டிகள் வருகிறேன் என்று சொல்லி வரவில்லை. அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தை நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

அதனால், நெட்டில் நீ போட்டிருக்கும் விற்பனை விளம்பரத்தை இன்றே எடுத்துவிடு. காலையில்கூட ஒருவர் போன் செய்து, "லேடீஸ் ஓட்டுன வண்டியாம்மா?" என்றார். "ஓட்டுன இல்லை, ஓட்டுற" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பிள்ளைக்கு முத்தம். ஹெப்சிபாவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். தேவதாயின் அரவணைப்பு உங்கள் மூவரையும் காக்கட்டும். விளம்பரத்தை மறந்துவிடாதே.

உன் அம்மா,
ஆனிமேரி ராயப்பன்