அப்பா படுத்த பயிற்சிக் கட்டில்

அன்பு மகள் சோனியாவுக்கு, கவரைப்பேட்டையிலிருந்து அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நாங்கள் சுகம் என்று எழுதியே பழகிய கை, இனி நான் சுகம் என்று எழுதப் பழக வேண்டும். மஸ்கட்டில் வெயில் எப்படி, வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் நீ கத்துகிறாய், நான் அழுகிறேன், ஒன்றும் பேசி முடிவதில்லை, அதனால்தான் எழுதுகிறேன், முழுக்கப் படி.

அப்பாவைக் கடைசியாகப் பார்த்த அந்த மாணவி ஸ்நேகா மேல் நீ அனுப்பிய புகாரில் நானும் கையெழுத்துப் போட்டால் அவளைப் படிப்பிலிருந்து நீக்கிவிடுவோம் என்று காலேஜில் சொன்னார்கள். கம்பெனியில் வேலை போன பிறகு, புதுவாயல் பக்கம் இருக்கிற அந்த ஆம்புலன்ஸ் படிப்புக் காலேஜுக்கு அப்பா நோயாளியாக நடிக்கப் போனது உனக்குத் தெரியும். பொம்மையை வைத்துப் பழகிய பிள்ளைகளுக்கு அடுத்ததாகப் பேசுகிற ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஏரோது ராஜா வேஷம் கட்டின மனுஷனுக்குச் சொல்லவா வேண்டும், மாரைப் பிடித்துக்கொண்டு, நெஜமாவே நோவுது கண்ணு, நடிக்கல என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாராம், பிள்ளைகள் சிரிக்குமாம், வாத்தியார் கை தட்டுவாராம். வீட்டிலும் நடித்துக் காட்டுவார், நானும் சிரித்திருக்கிறேன். உயிர் போன அன்றைக்கும் அதையேதான் சொல்லியிருக்கிறார். வேர்வை மாதிரி தெரிய நெற்றியில் தண்ணீர் தெளித்திருந்தார்கள், அதில் நிஜ வேர்வை எது என்று யார் கண்டது. இன்னா அங்கிள், இன்னிக்கு சூப்பரா பண்றீங்க என்று ஸ்நேகா சொல்லியிருக்கிறாள். கை தொங்கின பிறகுதான் அலறினாளாம். ஆஸ்பத்திரி வரைக்கும் நெஞ்சை அமுக்கிக்கொண்டேதான் வந்தாள், பிரயோஜனமில்லை.

எனக்கு மட்டும் ஆத்திரம் இல்லையா? அடக்கத்தன்று அவள் என் காலில் விழ வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் கை தட்டிப் பழக்கின வாத்தியாரைப் பற்றி நீயும் எழுதவில்லை, காலேஜும் வாயைத் திறக்கவில்லை. பாவம் ஓரிடம் பழி ஓரிடம். கையெழுத்துப் போடத்தான் நேற்றுப் போனேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது, அப்பா படுத்த கட்டில் காலியாகக் கிடந்தது, அதன் கிட்டவே போகமாட்டேன் என்று அவள் சுவரோரம் நின்றிருந்தாள். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, செருப்பைக் கழற்றிவிட்டு அதில் போய்ப் படுத்து அவளைக் கூப்பிட்டேன். வந்து நாடி பிடித்தாள். எங்க நோவுதும்மா என்று கேட்டாள். மாரில் கை வைத்து, நெஜமாவே நோவுது கண்ணு என்றேன். அவள் சிரிக்கவில்லை. நானும் நடிக்கவில்லை.

கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன். நீயும் அந்தப் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள், இன்னொரு வீட்டிலும் இழவு விழ வேண்டாம். கர்த்தர் உன்னைக் கண்மணி போலக் காக்கட்டும். உனக்கு எங்கேயாவது வலித்தால் விளையாட்டாகச் சொல்லாதே, பக்கத்தில் இருப்பவர்கள் நம்புகிற மாதிரி சொல்.

உன் அம்மா,
மெர்சி எபினேசர்