பாதி சோக்கில் ஓடிய மோட்டார்

செவ்வாய்க்கிழமை

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். மகளும் நன்றாக இருக்கிறாள், கணக்குப் பாடத்தில் மட்டும் உங்களைப் போல. உங்கள் வலது கை எப்படி இருக்கிறது, விரல் மடங்குகிறதா என்பதை முதலில் தெரிவிக்கவும். மற்றதற்கு இப்போது வருகிறேன்.

தங்கை வீட்டில் படுத்தபடி நீங்கள் சொல்லச் சொல்ல அவள் எழுதிய கடிதம் நேற்று வந்தது. இனிமேல் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுக்க உங்களால் ஆகாதாம். படகையும் மோட்டாரையும் நம் துறையிலேயே படகு விடுகிற விசில்காரருக்குத் தருவதாகச் சொல்லியாயிற்றாம். வெள்ளிக்கிழமை அவர் வந்து எடுத்துக்கொள்வாராம், நான் குறுக்கே பேசக்கூடாதாம். குறுக்கேதான் பேசப் போகிறேன். கொடுக்க மாட்டேன். நாத்தனாரே, இந்த வரியை உன் அண்ணனுக்கு இன்னொரு தரம் சத்தமாகப் படித்துக் காட்டு.

கடிதத்தின் கடைசியில் பொடி எழுத்தில் அவளாக ஒன்று எழுதியிருக்கிறாள். அடுத்த மாதம் பத்தாம் தேதி டாக்டர் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார், அண்ணன் இனி எதற்கு என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார் என்று. அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மோட்டாரை விற்கச் சொன்னதைவிட இதுதான் எனக்கு ஆத்திரம்.

நீங்கள் பக்கவாதத்தில் விழுந்த நாளிலிருந்து ஏரியில் படகு ஓட்டுவது நான். ஆலைக்குப் போகிற ஏழு பெண்களும் டீச்சரும் என்னை நம்பித்தான் காலையில் துறைக்கு வருகிறார்கள். விசில்காரரிடம் ஏற்கனவே இரண்டு படகு இருக்கிறது. நம்முடையதை வாங்கிக் கவிழ்த்துப் போட்டுவிட்டால் துறை முழுக்க அவர் ராஜ்யம். இது உங்களுக்குத் தெரியாததா?

மோட்டார் மக்கர் பண்ணுகிறது, அதை மறைக்கவில்லை. ஸ்டார்ட் ஆகிறது. காற்றைக் குறைக்கிற அந்தச் சோக்கை உள்ளே தள்ளினால் இருமிவிட்டு நின்றுவிடுகிறது. அதற்கு வயதாகிவிட்டது, பாதி சோக் இழுத்து வைத்தால்தான் ஓடும், அதன் சுபாவம் அப்படி என்று நாலு வருஷமாகச் சொல்வீர்களே, நானும் அதையே வேதவாக்காக வைத்துக்கொண்டு ஓட்டினேன். போன வாரம் அந்தப் பாதி சோக்கும் எடுபடவில்லை. எட்டுப் பேர் பாரத்தில் நடு ஏரியில் புகையைக் கக்கிவிட்டு நின்றது. துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்தோம். டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இறங்கிப் போனார், திட்டியிருந்தால்கூடத் தேவலை. விசில்காரர் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், வழக்கம்போல விசில் அடித்துக்கொண்டு.

மெக்கானிக் அரைடம்ளரைக் கூப்பிட்டேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போகிற அதே ஆள்தான், வேலையும் அப்படித்தான். கயிற்றை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். உள்ளே எல்லாம் தேய்ந்துபோச்சு, பழைய இரும்புக்குப் போட்டுவிடு அக்கா என்று கையை விரித்துவிட்டுப் போனார். ஒரு நட்டைக்கூடக் கழற்றவில்லை! கழற்றிப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல இவர் யார்? அப்போதே முடிவு செய்துவிட்டேன், இதை நானே பார்ப்பது என்று.

வியாழக்கிழமை

எழுதி வைத்ததைத் தபாலில் போடவில்லை. முடித்துவிட்டுத்தான் போடுவேன் என்று பிடிவாதம்.

வீட்டுக்குப் பின்னால் பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, அதில் மோட்டாரை மாட்டி ஓடவிட்டேன். ஒவ்வொரு பிளக் வயராக எடுத்துப் பார்த்தேன். எதை எடுத்தாலும் சத்தம் இறங்குகிறது, ஆக இரண்டு சிலிண்டரும் வேலை செய்கின்றன. அரைடம்ளர் சொன்ன தேய்மானம் அங்கேயே அடிபட்டுப் போயிற்று. பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைத்துப் பார்த்தேன், தண்ணீர் கலக்கவில்லை. டேங்க் மூடியில் காற்றுத் துளை அடைக்கவில்லை. பிளக் புதுசு போட்டேன். ஊஹூம், அதே இருமல். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா, கல்யாணத் துணியெல்லாம் புகை நாற்றம் அடிக்கிறது என்று கத்தரிக்கோலும் கையுமாகச் சண்டைக்கு வந்தார்.

மிச்சம் இருந்தது கார்புரேட்டர். அதை உங்களைத் தவிர யாரும் தொடக்கூடாது என்பது உங்கள் சட்டம். தொட்டேன். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே, கார்புரேட்டர் இன்ஜினோடு சேருகிற இடத்தில் எண்ணெய்க் குப்பியிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டேன். எண்ணெயை உள்ளே உறிஞ்சிக்கொண்டு, ஒரு நிமிஷம் இருமாமல் ஓடியது பாருங்கள்! தையல்காரம்மாவே சண்டையை மறந்து எட்டிப் பார்த்தார். அந்த இடுக்கு வழியாகக் காற்று உள்ளே போகிறது. காற்று கூடிப்போனதால்தான் நாலு வருஷமாகச் சோக்கை இழுத்துச் சரிக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். வயதும் இல்லை, சுபாவமும் இல்லை.

இரண்டு நட்டையும் கழற்றினேன். இடுக்கை அடைக்க உள்ளே வைத்திருந்தது கடையில் வாங்கின கேஸ்கட் இல்லை. கையால் வெட்டின அட்டை. ஒரு பக்கம் ஊறிக் கரைந்து ஓட்டையாகிவிட்டிருந்தது. நட்டு அழுத்தி வைத்திருந்த மூலையில் மட்டும் அச்செழுத்து மிச்சம் இருந்தது. துடைத்துவிட்டுப் படித்தேன். மறுபரிசோதனை என்று இருந்தது. கீழே தேதி போடுகிற கோடு.

ரத்த அழுத்தம் பார்க்க டாக்டர் கொடுத்த அட்டை. நாலு வருஷத்துக்கு முன்னால் ஞாபகம் இருக்கிறதா? சட்டைப் பையிலிருந்து ஏரியில் விழுந்துவிட்டது, அட்டை இல்லாமல் எப்படிப் போவது என்று சொன்னீர்கள். நானும் நம்பினேன். வேறு அட்டை வாங்கலாம் என்றதற்கு, எனக்கு என்ன கேடு, நான் கல்லு மாதிரி இருக்கிறேன் என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினீர்கள். அட்டை தண்ணீரில் போகவில்லை, மோட்டாருக்குள் போயிருக்கிறது.

அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பீப்பாய்ப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். நன்றாகத் திட்டினேன், உங்களையும் என்னையும். தையல்காரம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பம்ப் கடையிலிருந்து நான் வாங்கி வந்த கேஸ்கட் ஷீட்டை எடுத்து, கார்புரேட்டரை மேலே வைத்துச் சுண்ணக்கட்டியால் வரைந்து, அவர் கத்தரிக்கோலால் அச்சாக வெட்டிக் கொடுத்தார். புகைக்காகச் சண்டைக்கு வந்தவர் அவர்.

வெள்ளிக்கிழமை

இன்று காலை சோக்கை முழுசாக உள்ளே தள்ளிவிட்டு ஓட்டினேன். எட்டுப் பேர் பாரம். ஒரு இருமல் கிடையாது. நடு ஏரி தாண்டினதும் டீச்சர்தான் முதலில் கைதட்டினார்.

விசில்காரர் சொன்ன நேரத்துக்குத் துறையில் நின்றார். உங்கள் வீட்டுக்காரர் வாக்குக் கொடுத்துவிட்டார் அம்மா என்றார். கொடுத்தவர் வந்து எடுத்துக் கொடுக்கட்டும், அதுவரை இதில் யாரும் கை வைக்க முடியாது, அக்கரை போவதாக இருந்தால் ஏறிக்கொள்ளுங்கள் என்றேன். ஏறவில்லை. விசிலும் அடிக்கவில்லை.

எல்லாரும் இறங்கிப் போன பிறகு ஒரு காரியம் செய்தேன். வலது கையை முந்தானையில் சுற்றிக் கட்டிக்கொண்டு, இடது கையால் கயிற்றை இழுத்துப் பார்த்தேன். முதல் தரம் வழுக்கியது. இரண்டாவது தரம் தோள் பிடித்துக்கொண்டது. மூன்றாவது இழுப்பில் மோட்டார் ஸ்டார்ட் ஆகிவிட்டது. என் இடது கையால் முடிகிறது என்றால் உங்கள் இடது கைக்கு என்ன வந்தது? உங்களால் ஆகாது என்று எனக்கு எழுதாதீர்கள். நான் கழற்றிப் பார்க்காமல் எதையும் நம்புவதாக இல்லை.

உங்களைக் குத்திக் காட்ட இதையெல்லாம் எழுதவில்லை. கொஞ்சம் குத்திக் காட்டவும்தான் எழுதினேன். உங்களுக்கு அப்படி ஆன அன்றைக்கு எனக்கு எப்படி இருந்தது என்று இதுவரை நான் சொன்னதில்லை, நேரில் சொல்கிறேன். சாப்பாட்டில் உப்பு வேண்டாம், நாத்தனார் இரக்கப்பட்டுக் கொடுத்தாலும் வேண்டாம். மகள் தினமும் உங்கள் சட்டையை உதறி மடித்து வைக்கிறாள்.

நீங்கள் நூறு வயது இருக்க வேண்டும். அதற்கு என் பேச்சை ஒரே ஒரு தரம் கேளுங்கள். பத்தாம் தேதி எழுந்து டாக்டரிடம் போங்கள். அவர் தேதி போட்டுக் கொடுக்கிற அட்டையை முழுசாக என்னிடம் கொண்டுவந்து கொடுங்கள். கேஸ்கட் வெட்ட என்னிடம் வேறு ஷீட் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் சொல்லை மீறிய,
உங்கள் மனைவி