மொரப்பூருக்கு வரமாட்டேன்

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் அனுப்பிய பத்திரிகையில் உங்கள் பம்பாய்ப் பேச்சைப் படித்தேன். விதவைக் கொடுமையெல்லாம் வடக்கேதான், தமிழ்நாட்டில் அது ஒழிந்துவிட்டது என்றீர்களாம். சித்தேரி மலையிலிருந்து புளி விற்க வந்த சென்னம்மாளிடம் சொன்னேன்.

"எங்க மலையில புருசன் செத்தா மறுகல்யாணம் கட்டி வெப்பாங்க. உன்னை ஏன் கண்ணு வூட்டுக்குள்ளயே வெச்சிருக்காங்க?" என்றாள்.

ஆறு வருஷத்தில் என்னிடம் அதைக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

வெள்ளிக்கிழமை அண்ணியோடு மொரப்பூரில் ரயில் இறங்கும்போது நான் எதிரே வராமல் பார்த்துக்கொள்ளும்படி அப்பாவுக்கு எழுதியிருந்தீர்கள். வரமாட்டேன்.

அப்பாவுக்கு எழுத்து தெரியாது, அண்ணா. நான் திரும்பி வந்ததிலிருந்து உங்கள் கடிதங்களை நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். அவருக்கு இப்போது காதும் மந்தம். அந்த வரியை இரண்டு முறை வாசித்தேன்.

உங்கள் தங்கை