காலி சீட்டுக்கு அடிக்கும் மணி

அக்டோபர், செவ்வாய்க்கிழமை

யாருமில்லாத பக்கத்து சீட்டுக்குப் பெல்ட் போடச் சொல்லி, கார் இன்றும் மணியடித்துக்கொண்டே வந்தது. சென்சார் மெத்தைக்குள் இருக்கிறது, எடுக்க முடியாது, சீட்டையே மாற்றணும், ரெண்டு லட்சம் ஆகும் என்கிறது மதுரை ஷோரூம். வண்ணார்பேட்டை மெக்கானிக், "ஒயர வெட்டி விட்டிருதேன் அண்ணாச்சி, சத்தம் வராது" என்றான். சாவியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மணிச் சத்தம் பிடிக்காமல் என் மனைவி எஸ்தர் எப்போதும் பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் மாட்டிவிட்டுத்தான் உட்காருவாள். போன வருஷம் ஆலங்குளம் ரோட்டில் மச்சினன் கார் லாரியில் மோதியபோதும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாளாம். மச்சினன் பிழைத்துக்கொண்டான்.

ஆற்றுப் பாலம் தாண்டியும் மணி விடவில்லை. ஓரமாக நிறுத்தினேன். "போடு எஸ்தர்" என்றேன். எட்டி பெல்ட்டை இழுத்து, காலி சீட்டுக்கு முன்பக்கமாக மாட்டினேன். சத்தம் நின்றது.

இன்னும் கழற்றவில்லை.