காத்துதானே, விரதம் கெடாது

என் தங்க நைனா,

நகரியில் எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. தறி ஓடுகிறது, பஞ்சுத்தூசி பறக்கிறது. உன் சட்டையை அம்மா இன்னும் கொடியிலிருந்து எடுக்கவில்லை. எனக்கு அழுகை வரவில்லை நைனா. "அழுதுடும்மா, மனசு லேசாவும்" என்று துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். கேட்டுக் கேட்டு அந்தப் பேச்சும் உள்ளே ஏறவில்லை.

திருப்பதிக்குப் போய் உன் டாக்டரைப் பார்த்தேன். மூச்சு இழுப்புக்கு வாயில் வைத்து அழுத்தக் கொடுத்த நீல பம்ப் அன்றைக்கு ஏன் கைவிட்டது என்று கேட்டேன். மூச்சுக்குழாய்ச் சதையில் ரிசப்டர் என்று ஒன்று இருக்கிறதாம். மருந்து அதைத் தொட்டால்தான் குழாய் விரியுமாம். ஓயாமல் தொட்டுக்கொண்டே இருந்தால் மரத்துவிடுமாம், சிலது உள்ளே போய்ப் பதுங்கிக்கொள்ளுமாம். தறிச் சத்தம் நம் காதில் விழாத மாதிரிதான் போல. கூடவே கொடுத்த பிரவுன் பம்ப்தான் குழாயின் வீக்கத்தை அடக்கி, ரிசப்டரையும் தேற்றுமாம். "அத ஆபேசாரா, நிறுத்திட்டாரா?" என்று தெலுங்கும் தமிழுமாகக் கேட்டார்.

என்னவென்று சொல்வேன்? பிரவுனை இழுத்தால் வாய் கொப்பளிக்க வேண்டும். புரட்டாசி முழுக்க நீதான் பொழுது சாயும்வரை நாக்கில் தண்ணீர் படவிட மாட்டாயே. சாயந்திரமாவது இழு என்றால், "அத்த இழுத்தா ஒண்ணுமே தெர்லமா" என்பாய். நீலத்துக்கு மட்டும் தடையில்லை. "காத்துதானே, விரதம் கெடாது" என்று நாள் முழுக்க அழுத்திக்கொண்டிருந்தாய்.

போன வருஷப் புரட்டாசியின் கடைசிச் சனிக்கிழமை கற்பூரம் காட்டும்போது உனக்கு மூச்சு முட்டியது. அழுத்தினாய், மறுபடி அழுத்தினாய். என்னைப் பார்த்து, "கேக்கலமா" என்றாய். திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய ஆட்டோ புத்தூரைத் தாண்டவில்லை.

இப்போது அம்மாவுக்கும் இழுப்பு. அதே இரண்டு பம்ப். நாளைக்குப் புரட்டாசி பிறக்கிறது. "உங்க நைனா வுட்ட விரதத்த நான் புடிக்கிறன். வாய்ல தண்ணி படாது, சொல்லிட்டன்" என்று உட்கார்ந்திருக்கிறாள். நீ போனது அவளுக்கு ஒன்றுமே சொல்லவில்லையா? எனக்குக் கோபம்கூட வரமாட்டேன் என்கிறது.

ஆனால் வாக்குக் கொடுக்கிறேன். விடிந்ததும் சொம்புத் தண்ணீரோடு அவள் முன்னால் நிற்பேன். பிரவுனை இழுத்து, கொப்பளித்துத் துப்பிய பிறகுதான் இந்த வீட்டில் விளக்கு எரியும். விரதம் கெட்ட பாவம் என் தலையில் விடியட்டும், பெருமாளிடம் நான் பேசிக்கொள்கிறேன். இந்தப் புரட்டாசியை அவள் மூச்சோடு தாண்டட்டும் நைனா. அப்புறம் உட்கார்ந்து உனக்காக அழுகிறேன்.

உன் பக்கத்தில் பம்பும் கையுமாக நின்ற
மூத்த பொண்ணு